காத்திருப்பில் வைக்கப்பட்ட பதினெட்டாம் தேதி

தர்மதுலா வரிப் பதிப்பகம் எங்களுக்குச் செய்த தவறுகளை வரிசை மாறாமல் சொல்கிறேன். வரிசை மாறினால் எதிராளி அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு மற்ற அத்தனையையும் பொய் என்பான்.

முதல் தவறு: அவர்களுடைய ‘வரிக் களஞ்சியம்’ நான்கு பாகங்களும் எங்கள் சாத்தரசன்பட்டிக்கு வந்த வருஷம், பின்பக்கத்துப் பொருளகராதி வேறொரு பதிப்புக்கு உரியதாக இருந்தது; தீப்பெட்டி என்று தேடிப்போனவன் மாட்டுத் தீவனத்தில் போய் நின்றான். இரண்டாவது: எங்கள் கடிதங்களுக்குக் கையொப்பமிட்டுப் பதில் எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ‘தங்கள் மேலான கடிதம் கிடைத்தது’ என்று அச்சடித்த அட்டையை அனுப்பத் தொடங்கினார்கள், அந்த அட்டை என்னிடம் இருநூற்றுப் பதினொன்று இருக்கிறது. மூன்றாவது: கடிதம் வேண்டாம், போன் செய்யுங்கள் என்று ஓர் எண் கொடுத்தார்கள், அது காலை பத்து முதல் மாலை ஐந்து வரை அடித்தது, அடிக்க மட்டும் செய்தது. நான்காவது: அதையும் மாற்றிக் கட்டணமில்லா எண் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், புதுச் சந்தாவுக்கு ஒன்றை அழுத்து, புதுப்பிக்க இரண்டை அழுத்து, புத்தகத்தில் பிழை என்றால் ஒன்பதை அழுத்து என்றது அது, ஒன்பதை அழுத்தினால் மறுபடி ஒன்றுக்கே கொண்டுவந்து விட்டது. ஐந்தாவது: எப்போதாவது ஒரு மனிதக் குரல் அகப்பட்டால், அந்தக் குரல் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்று விதி செய்தார்கள். ஆறாவது: பிழை பார்க்கும் ஆசிரியர் குழுவைக் கலைத்துவிட்டு, புத்தக அட்டையில் மட்டும் அந்த ஏழு பேரையும் பட்டங்களோடு விடாமல் அச்சடித்தார்கள், அவர்களில் இரண்டு பேர் அப்போது உயிரோடு இல்லை.

ஏழாவதுதான் நானூற்றுப் பதினான்காம் பக்கம்.

அதைச் சொல்வதற்கு முன்னால் அந்தப் புத்தகம் எப்படிப்பட்டது என்று சொல்ல வேண்டும். தைத்துக் கட்டிய புத்தகம் அல்ல அது. இரும்பு வளையத்தில் தாள்கள் கோத்த புத்தகம். சட்டம் மாறும்போதெல்லாம் பதிப்பகத்திலிருந்து ஒரு கட்டு வரும், கட்டின் மேல் ஒரு மஞ்சள் தாள் இருக்கும், இன்ன பக்கத்திலிருந்து இன்ன பக்கம் வரை எடுத்துவிடு, இன்ன பக்கங்களைச் செருகு என்று அதில் எழுதியிருக்கும். எங்கள் ஊர் வரி ஆலோசகர்கள் பதினான்கு பேரும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வளையத்தைத் திறந்து, எடு என்றதை எடுத்து, செருகு என்றதைச் செருகி, வளையத்தை மூடுவார்கள். செருகியதை ஒருவரும் படிக்க மாட்டார்கள். எடுத்த பக்கத்தை ஒருவரும் வைத்துக்கொள்ளவும் மாட்டார்கள், செத்த சட்டத்தைக் கையருகே வைத்திருந்தால் என்றைக்காவது கண் தவறி அதைப் படித்துவிடுவோம் என்ற பயம் அவர்களுக்கு. ஆகவே அந்தத் தாள்கள் அன்று மாலையே முக்குக்கடைக்குப் போய் வேர்க்கடலை மடிக்க உதவும். எங்கள் ஊரில் பழைய சட்டத்தையெல்லாம் கடலை தின்றவர்கள்தான் படித்திருக்கிறார்கள்.

அந்தப் பதினான்கு பேரில் மூத்தவர் பால்வண்ணம். முப்பத்தொரு வருஷம் மஞ்சள் தாளுக்குக் கட்டுப்பட்டவர். ஒரு ஆனி மாதம் மஞ்சள் தாள் சொன்னபடி நானூற்றுப் பதினான்காம் பக்கத்தை எடுத்தார், புதிய நானூற்றுப் பதினான்காம் பக்கத்தைச் செருகினார். பழைய பக்கத்தில், வரிப் பதிவு ரத்தானவர் தொண்ணூறு நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்றும், தகுந்த காரணம் காட்டினால் இன்னும் முப்பது நாள் அதிகாரி மன்னிக்கலாம் என்றும் இருந்தது. புதிய பக்கத்தில் இரண்டையும் சேர்த்து நூற்றிருபது நாள் என்று ஒரே வரியில் அச்சாகியிருந்தது. சட்டம் மாறவே இல்லை. புத்தகம் மட்டும் மாறியது.

தெய்வானைக்கு உலை வைத்தது அந்த ஒரு வரிதான். அவளுடைய புருஷன் செத்த இரண்டு மாதம் அவள் படிவம் எதுவும் தாக்கல் செய்யவில்லை, அவளுடைய தீப்பெட்டி ஆபீஸின் பதிவு ரத்தாகிவிட்டது. பதிவு இல்லாதவளிடம் வெளியூர் வியாபாரி ஒரு பண்டல்கூட வாங்க மாட்டான். கதவு பூட்டப்பட்டது, குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் அங்கே பிழைத்த முப்பத்திரண்டு பெண்கள் தெருவில் நின்றார்கள். பால்வண்ணம் மேல்முறையீட்டை நிதானமாக, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதி, நூற்றுப் பத்தாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தார். அதிகாரி துரைக்கண்ணு பொல்லாதவர் அல்ல. நாள் கடந்துவிட்டதே என்றார்; புத்தகத்தைக் காட்டியதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

“புத்தகம் தப்புன்னு புத்தகம் போட்டவனே ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கட்டும். அதைத் தகுந்த காரணமா நான் எடுத்துக்கிடுதேன். ஆனா பதினெட்டாம் தேதி சாயங்காலத்துக்குள்ள வரணும். அதுக்கு மேல எனக்கே அதிகாரம் கிடையாது, பார்த்துக்கோங்க.”

ஒரு கடிதம். நான்கு வரி. எங்கள் புத்தகத்தில் நேர்ந்த தவறு என்று நான்கு வரி. அதற்காகப் பால்வண்ணம் எட்டு நாள் போன் செய்தார். எட்டு நாளும் ஒன்பதை அழுத்தி ஒன்றுக்கு வந்து சேர்ந்தார். செப்டம்பர் பதினெட்டு, வியாழக்கிழமை, மாலை நான்கு இருபதுக்கு ஒரு பெண் குரல் வந்தது. முழுக்கக் கேட்டது. குறுக்கே பேசவில்லை.

“தப்பு நம்ம புக்லதான் சார் இருக்கு. நானே இப்ப பார்த்துட்டேன். லெட்டருக்கு எடிட்டோரியல்ல கேக்கணும். லைன்லயே இருங்க சார், வெச்சுடாதீங்க. வெச்சுட்டா உங்க புகார் முடிஞ்சதா காட்டிடும்.”

பிறகு இசை வந்தது, வீணையைப் போன்ற ஏதோ ஒன்றில் பதினோரு சுரம், திரும்பத் திரும்பப் பதினோரு சுரம். பால்வண்ணம் தம் வீட்டு ஆபீஸ் அறையில் லைனில் இருந்தார். எதிர்ச்சுவரில் தினசரிக் காலண்டர் பதினெட்டு என்றது. ஆறு மணி ஆகும், அலுவலகம் மூடும், தெய்வானையின் கதவு நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும் என்று அவர் பயந்துகொண்டே இருந்தார், ஆனால் ஆறு மணி ஆகவில்லை. வெளியே ஆயிற்று. தெருவிளக்கு எரிந்தது, அணைந்தது, பால்காரன் வந்தான், வெள்ளிக்கிழமை வந்தது. அறைக்குள் நான்கு இருபதாகவே இருந்தது, மேஜையிலிருந்த டீ ஆவி பறந்தபடியே இருந்தது. காலை காலண்டர் தாளைக் கிழிக்க வந்த அவருடைய மனைவி இழுத்துப் பார்த்தாள், தாள் வரவில்லை. கத்தரிக்கோலால் வெட்டிப் பார்த்தாள், கத்தரிக்கோல் மழுங்கியது. “இன்னிக்கு வெள்ளியா வியாழனா?” என்று கேட்டாள். “இங்க வியாழன்,” என்றார் பால்வண்ணம், ரிசீவரைக் காதிலிருந்து எடுக்காமல். “அப்ப கத்தரிக்காய் செய்யலாம்,” என்று அவள் அடுப்படிக்குப் போனாள். வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் கத்தரிக்காய் சமைப்பதில்லை.

விஷயம் காதுக்கு எட்டியதும் அதிகாரி துரைக்கண்ணு தம் அலுவலகக் கடைநிலை ஊழியரை அனுப்பினார். ஊழியர் அறைக்குள் போய், தாளைத் தொட்டுப் பார்த்து, தமது கைக்கடிகாரமும் நான்கு இருபதுக்கே திரும்பியதைப் பார்த்து, ‘மேற்படி அறையில் தேதி 18 என நேரில் கண்டேன்’ என்று எழுதிக் கொடுத்தார். அந்த அறை மேல்முறையீட்டாளருடைய பிரதிநிதியின் அறை, ஆகவே அவரைப் பொறுத்தவரை கெடு முடியவில்லை என்று அதிகாரி கோப்பில் குறித்துவிட்டார். வாரம் ஒருமுறை ஊழியர் வந்து பார்ப்பார், எழுதுவார், போவார். ஆறாவது வாரத்திலிருந்து அவர் தம் நாள்பட்ட இருமலையும் மறந்துவிட்டு அங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து போகத் தொடங்கினார்.

ஏனென்றால் அதற்குள் ஊரே அந்த அறையைக் கண்டுகொண்டிருந்தது. முதலில் வந்தவர்கள் தெய்வானையின் முப்பத்திரண்டு பெண்கள். அவர்களில் ஒருத்தி, செல்லக்கனி என்பவள், பழக்க தோஷத்தில் ஒரு குச்சியை உரசிப் பார்த்தாள், குச்சி எரிந்தது, எரிந்தபடியே இருந்தது, ஒரு நூலளவும் குறையவில்லை. “ஏட்டி, ஊதிரு ஊதிரு. இந்த மாதிரி ஒரு குச்சி வெளிய போச்சுன்னா ஒரு வீட்டுக்கு ஒரு குச்சி போதும்னுருவான், நம்ம பொழப்பு நாறிப்போகும்,” என்றாள் இன்னொருத்தி, எல்லோரும் சிரித்தார்கள், நான்கு மாதத்தில் அவர்கள் சிரித்து நான் கேட்டது அன்றுதான். பிறகு லாரி ஆபீஸில் வேலை பார்த்த சங்கிலியை அவருடைய மகன்கள் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். அன்று ராத்திரி தாண்டாது என்று டாக்டர் கையை விரித்திருந்தார். மூலையில் கிடத்தினார்கள். ராத்திரியே வராத அறையில் அவர் ராத்திரியைத் தாண்ட வேண்டியிருக்கவில்லை, எழுந்து உட்கார்ந்து, “யார் வீடுலே இது, டீ கிடைக்குமா?” என்றார். மறுநாள் சூரத்துக்குப் புறப்பட வேண்டிய ஒரு கல்யாணப் பெண் தன் தாயோடு வந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, புறப்படாமலே இருந்தாள். இரட்டைப் பிறவிகளில் மூத்தவள் அறைக்குள்ளேயே தங்கிவிட்டதில் அக்காள் தங்கையானாள். கூட்டம் நெருக்கியது. நான் டோக்கன் அச்சடித்தேன்.

நான் என்பது தவசிமுத்து. தீப்பெட்டித் தொழிலாளர் சங்கத்தில் முப்பத்தைந்து வருஷம் செயலாளராக இருந்தவன். வயதான பிறகு வரி ஆலோசகர்கள் சங்கத்துக்கும் என்னையே செயலாளர் ஆக்கினார்கள், அவர்கள் படித்தவர்கள், ஆனால் சண்டை போடத் தெரியாதவர்கள். நோயாளிக்கு ரோஜா நிற டோக்கன், வழியனுப்புகிறவர்களுக்குப் பச்சை, தெய்வானையின் ஆபீஸ் பெண்களுக்கு டோக்கன் தேவையில்லை என்று விதி செய்தேன். ஊர் அந்தப் பதினோரு சுரத்தையும் கற்றுக்கொண்டது. தொட்டில் ஆட்டியவர்கள் அதைப் பாடினார்கள், ஐப்பசிக் கல்யாணங்களில் நாகஸ்வரக்காரர் தாலி கட்டி முடிந்ததும் அதைத்தான் வாசித்தார், மயானத்துக்குப் போன பாடைக்கு முன்னாலும் ஒருவர் அதை வாசித்துப் பார்த்தார், பொருத்தமாகவே இருந்தது.

எப்போதாவது சுரம் நின்று பதிப்பகத்துப் பெண் லைனில் வருவாள்.

“காத்திருந்தமைக்கு நன்றி சார். எடிட்டோரியல்ல யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க. மறுபடி ட்ரை பண்றேன்.”

பால்வண்ணம் ஸ்பீக்கரைப் போட்டு வைத்திருந்தார். தெய்வானைதான் அவளோடு பேசுவாள். சாப்பிட்டியா என்பாள். “டீ வெச்சிருக்கேன்கா, ஆறவே மாட்டேங்குது,” என்பாள் அவள். “உம் பேரு என்னம்மா?” “ஐயோ, பேர் சொல்லக் கூடாதுக்கா. எல்லாம் ரெக்கார்ட் ஆகுது. சொன்னா கால் தானா கட் ஆயிடும்.” “அப்ப நான் உன்னை என்னன்னு கூப்பிட?” “கூப்பிடாதீங்க. நான்தான் இங்கயே இருக்கேனே.” இப்படி. வேலை முடிந்து ஆறு மணிக்கு மாதவரம் பஸ் பிடிக்க வேண்டும் என்றும், வீட்டில் அப்பா தனியாக இருக்கிறார் என்றும், எட்டு மணி மாத்திரையை அவள் கையால் கொடுத்தால்தான் விழுங்குவார் என்றும் சொல்லியிருந்தாள்.

கார்த்திகை பிறந்த பிறகு ஒரு நாள் அவள் கேட்டாள்: “அக்கா, உங்க ஊர்ல இன்னிக்கு என்ன கிழமை?”

“வியாழன்தாம்மா. என்ன திடீர்னு?”

“இல்லக்கா, பக்கத்து சீட்ல இருக்கறவங்க பையைத் தூக்கிட்டுப் போறாங்க, வர்றாங்க. போனது ஒரு சேலை, வர்றது வேற சேலை. ஒருத்தங்க வயிறு தெரிஞ்சு, இப்ப லீவுல போயிட்டாங்க. எனக்கு மட்டும் மணி நாலு இருபதாவே இருக்கு.”

“கண்ணு அசந்திருக்கும் உனக்கு. வியாழன்தான்,” என்றாள் தெய்வானை. முப்பத்திரண்டு பெண்களும் வியாழன்தான் வியாழன்தான் என்றார்கள். சங்கிலிகூடக் கட்டிலிலிருந்து வியாழன் என்றார்.

நான் அறைக்குள் நின்றுகொண்டிருந்தேன். பொய்யைச் சொல்லி ஒரு போராட்டத்தை நான் நடத்தியதில்லை. நாலாம் வகுப்போடு நின்று, துண்டுப் பிரசுரங்களை எழுத்துக்கூட்டிப் படித்து மனிதனானவன் நான். உழைக்கிறவனிடம் உண்மையை மறைப்பவன் முதலாளியின் கையாள் என்று முதலில் படித்த பிரசுரத்திலேயே படித்திருக்கிறேன்.

“அம்மா, நான் சங்கச் செயலாளர் பேசுதேன். வெளிய நவம்பர் மாசம் முடியப் போகுது. நீ போனை எடுத்து எழுபது நாள் ஆச்சு.”

தெய்வானை என்னைப் பார்த்த பார்வையை நான் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. அந்தப் பக்கம் மின்விசிறி மட்டும் கேட்டது. பிறகு அவள், “அப்ப அப்பாக்கு மாத்திரை யார் சார் கொடுத்திருப்பாங்க?” என்றாள்.

தெய்வானை ஸ்பீக்கரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நீ வச்சிருமா,” என்றாள் தெய்வானை. “போனை வச்சிட்டு வீட்டுக்குப் போ. என் கதவு பூட்டிட்டுப் போகட்டும்.”

“வெச்சா மட்டும் எழுபது நாள் திரும்பி வருமாக்கா?” என்றாள் அவள். “நான் வெச்சுட்டா உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல. லைன்லயே இருங்க. எடிட்டோரியல்ல மறுபடி கேட்டுப் பாக்கறேன்.”

சுரம் தொடங்கியது.

அன்றே மாதவரத்துக்கு ஆள் அனுப்பலாம் என்றார் பால்வண்ணம். யாரென்று கேட்டுப் போவது? மாதவரத்தில் எத்தனை தகப்பன்மார் தனியாக இருப்பார்கள்? பெயர் இல்லாமல் எந்தக் கதவைத் தட்டுவது? சென்னையில் பதிப்பகத்தின் வாசலுக்கு நானே போனேன். கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற காவலாளி, உள்ளே யாரையும் பார்க்க முடியாது ஐயா, எதுவானாலும் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் பண்ணுங்க என்று அந்த எண்ணையே எழுதிக் கொடுத்தான்.

பெயர் என்ற ஒன்று அப்போதுதான் எனக்குள் போய்த் தைத்தது. எத்தனை வேலைநிறுத்தத்தில் பார்த்திருக்கிறேன்: நிர்வாகம் என்பான், மேலிடம் என்பான், ஒரு பெயரைச் சொல்ல மாட்டான், பெயர் வந்த அன்று பாதிச் சண்டை முடிந்துவிடும். திரும்பி வந்ததும் துண்டுப் பிரசுரம் போட்டேன். பதினான்கு ஆலோசகர்களையும் கையெழுத்துப் போட வைத்து, பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு, ஒன்பது கடிதம் அனுப்பினேன். முதல் கோரிக்கை: நானூற்றுப் பதினான்காம் பக்கத் தவறுக்குப் பொறுப்பானவரின் பெயரை எழுத்தில் வெளியிட வேண்டும். இரண்டாம் கோரிக்கை: தவறை ஒப்புக்கொண்டு கடிதம் தர வேண்டும்.

தெய்வானை என்னைத் தெருவில் மறித்தாள். “அண்ணாச்சி, பேரைக் கேக்காதீய. கடுதாசியை மட்டும் கேளுங்க.”

“பேரில்லாத கடுதாசி என்ன கடுதாசி? நாளைக்கு நாங்க எழுதலைன்னுருவான்.”

“அவன் எழுதலைன்னா எழுதலைன்னு போறான். பேரைக் கேட்டா அவன் யார் பேரைத் தருவான்? அவன் பேரையா தருவான்?”

“நீ குச்சி அடுக்கு, தெய்வானை. சண்டையை நான் பார்த்துக்கிடுதேன்.”

அடுக்குவதற்கு அவளிடம் குச்சி இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். அவள் முந்தானையை உதறிக்கொண்டு போனாள், மறுநாள் அறைக்கு வந்து எப்போதும்போல ஸ்பீக்கரின் அருகில் உட்கார்ந்தாள், அந்தப் பக்கத்துப் பெண்ணிடம் ஒன்றும் சொல்லவில்லை. மார்கழி முழுக்க அப்படியே போயிற்று. பத்தாவது கடிதத்தில், பெயர் வராவிட்டால் சென்னை வாசலில் சாகும்வரை உண்ணாவிரதம் என்று எழுதினேன். பத்திரிகைகளுக்கும் நகல் போட்டேன். ஒரு பத்திரிகையில் நான்கு அங்குலத்துக்குச் செய்தி வந்தது. தை மாதம் பொங்கல் தாண்டி இரண்டு வாரம் ஆகியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை, வெளியே நல்ல வெயில், சுரம் பாதியில் நின்றது. அவள் வந்தாள், ஆனால் நன்றி சார் என்று தொடங்கவில்லை.

“அக்கா, யாரோ ரெண்டு பேர் வந்து நிக்கறாங்க. பையை எடுத்துக்கோன்னு சொல்றாங்க. ஒரு நிமிஷம் கேட்டேன், தர மாட்டேங்கறாங்க. அக்கா, உங்க லெட்டர்—”

பிறகு ஓர் ஆண் குரல், பதிவுசெய்த குரல், தங்கள் அழைப்பு நிறைவடைந்தது என்றது.

காலண்டரிலிருந்து பதினெட்டாம் தேதி விழுந்தது. பத்தொன்பது விழுந்தது, இருபது விழுந்தது, தாள் தாளாக, பிறகு கொத்துக் கொத்தாக, அக்டோபரும் நவம்பரும் தரையெல்லாம் பரவி, டிசம்பர் முப்பத்தொன்றும் விழுந்து, அட்டையில் காய்ந்த பசை மட்டும் நின்றது. டீயின் மேல் ஆடை படிந்து, ஆடை கறுத்து, கோப்பை வறண்டது. பால்வண்ணத்தின் முகத்தில் நான்கரை மாதத் தாடி ஒரே மூச்சில் நரையாக இறங்கியது. பசியும் அப்படியே இறங்கியிருக்க வேண்டும், ரிசீவரைப் பிடித்தபடியே நாற்காலியிலிருந்து சரிந்தார். மனைவி வந்து தாங்கிக்கொண்டாள். சங்கிலி, “விளக்கைப் போடுங்கலே, ராத்திரி ஆயிட்டு,” என்றார். பட்டப்பகல் அது. மகன்கள் வந்து சேருவதற்குள் அவர் போய்விட்டார். சூரத்துக்குப் போக வேண்டியவள் எழுந்து, தாயைப் பார்க்காமல், பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

அதிகாரி துரைக்கண்ணு அன்று தாமே வந்தார். தரையில் கிடந்த தாள்களின் மேல் மிதிக்காமல் ஓரமாக நடந்துவந்து, வெறும் அட்டையைப் பார்த்தார். கோப்பை நின்றபடியே திறந்து, கெடு முடிந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். “மன்னிச்சுக்கோம்மா,” என்றார் தெய்வானையிடம். “நீங்க என்ன செய்வீய,” என்றாள் அவள்.

மூன்றாம் நாள் தபாலில் கடிதம் வந்தது. தர்மதுலா வரிப் பதிப்பகத்தின் தடித்த தாள், முத்திரை, கையொப்பம். என் முப்பத்தைந்து வருஷத்தில் எந்த நிர்வாகமும் எனக்கு இத்தனை ஒழுங்காகப் பதில் எழுதியதில்லை. நான் கேட்ட இரண்டும் அதில் இருந்தன.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம், வந்த பதிலைத் தனியாகப் படிக்கக் கூடாது, தெருவில், சாட்சிகளுக்கு முன்னால், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை உரக்க வாசித்து, கேட்டவர்களிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அதை ஏற்படுத்தியவன் நான்தான். அன்றைக்கு மட்டும் அந்த வழக்கத்தை விட்டுவிடலாமா என்று உறையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். பிரித்து ஒருமுறை பார்த்துவிட்டிருந்தேன். அந்த வழக்கத்தை முதலில் மீறியவனும் நான்தான்.

தெருவில் முப்பத்திரண்டு பெண்களும் நின்றார்கள். பதினான்கு ஆலோசகர்களில் பதின்மூன்று பேர் நின்றார்கள், பால்வண்ணம் நாற்காலியில் இருந்தார். அலுவலக ஊழியர் இருமிக்கொண்டே வந்து நின்றார். தெய்வானை எனக்கு நேர் எதிரே நின்றாள்.

“இதை வாசிக்கணுமா, தெய்வானை?” என்று கேட்டேன்.

“வாசிங்க அண்ணாச்சி. நீங்க கேட்டுக் கேட்டு வாங்கினதுதானே.”

“வாசிச்சா இனி என்ன ஆகப் போகுது?”

“ஒண்ணும் ஆகாது. அவளை என்னன்னு கூப்பிடன்னு நாலு மாசமாக் கேட்டுக்கிட்டு இருந்தேன். அது ஒண்ணு தெரியட்டும். அந்தப் பேரைச் சொல்லி மாதவரத்துல எந்த வீடுன்னு விசாரிச்சுப் போறேன். நீங்க வர வேண்டாம்.”

வாசித்தேன். தங்கள் பத்தாவது கடிதம் கிடைத்தது. எமது வரிக் களஞ்சியத்தின் நானூற்றுப் பதினான்காம் பக்கத்தில் தவறு நேர்ந்திருப்பதை ஒப்புக்கொள்கிறோம். தாங்கள் கோரியபடி, இத்தவறுக்கும், ஓர் அழைப்பை விதிகளுக்கு மாறாக நூற்று முப்பத்தேழு நாட்கள் துண்டிக்காமல் வைத்திருந்த குற்றத்துக்கும் பொறுப்பான பணியாளரைக் கண்டறிந்து, இன்று முதல் பணியிலிருந்து நீக்கிவிட்டோம். அவருடைய பெயரையும் தாங்கள் கோரியபடியே இதன்கீழ் தருகிறோம். வாடிக்கையாளர் சேவையே எமது தர்மம்.

அந்த வரியோடு தாளை மடிக்கப் போனேன். “கடைசி எழுத்து வரைக்கும், அண்ணாச்சி,” என்றாள் தெய்வானை, “அந்தக் கடைசியில நிக்கறவங்களுக்கும் கேக்கணும்.”

தாளைக் கண்ணுக்கு அருகில் பிடித்துக்கொண்டு, மேடைகளில் எந்த முதலாளியின் பெயரையும் சொன்னதைவிட உரக்க, வாசித்தேன்.

“பெ. வேதவல்லி.”